"ஆத்து மேலயா கார் ஓட்டினே?" மூசனி ஐஸ் ரோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூசனியில் மூன்று குளிர்காலம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு டொரன்டோ திரும்பினேன். அதிலிருந்து ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு பாக்கி இல்லை, என் ஃபோனில் இருக்கும் அந்தப் படத்தை யாராவது பார்த்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளை வெளி, இரண்டு பக்கமும் அடையாளத்துக்குக் குத்திவைத்த ஸ்ப்ரூஸ் கிளைகள், நடுவில் ஒரு பிக்கப் டிரக். அது நிற்பது ஆற்றின் மேல் என்று சொன்னதும்தான் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன், இனிமேல் லிங்க் அனுப்பினால் போதும்.

ஒன்று மட்டும் முதலிலேயே. நமக்குப் 'பனி' என்றால் இலையில் நிற்பதும் வானத்திலிருந்து விழுவதும் எல்லாம் ஒன்றுதான். இங்கே 'பனி' என்று எழுதினால் மேலிருந்து விழும் தூள், 'ஐஸ்' என்று எழுதினால் தண்ணீர் இறுகியது. கீழே போகப்போக இந்த வித்தியாசம் முக்கியமாகும்.

மூசனி எங்கே இருக்கு? பாலம்கூட இல்லாத ஊரா?

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, மூஸ் ஆற்றங்கரையில். இன்னும் இருபது கிலோமீட்டருக்குள் போனால் ஜேம்ஸ் வளைகுடா, அதாவது கடல். வெளியிலிருந்து வருடம் முழுக்க வரக்கூடிய சாலை கிடையாது. காக்ரேன் என்ற ஊரிலிருந்து போலார் பேர் எக்ஸ்பிரஸ் என்ற ரயிலில் சுமார் 300 கி.மீ., ஐந்து மணி நேரம். அந்தத் தண்டவாளம் வந்ததே 1932ல்தான். இல்லையென்றால் விமானம்.

ஊருக்கு எதிரே ஆற்றுக்குள் ஒரு தீவு இருக்கிறது, பெயர் மூஸ் ஃபேக்டரி. மூஸ் கிரீ முதற்குடி மக்களின் ஊர். ரயில் நிலையம் இந்தக் கரையில், நான் இருந்த காலத்தில் மருத்துவமனை அந்தத் தீவில். அதனால் இங்கே இருப்பவர் அங்கே போயாக வேண்டும், அங்கே இருப்பவர் இங்கே வந்தாக வேண்டும். கோடையில் மோட்டார் மாட்டிய பெரிய கேனோ படகுதான் டாக்சி. குளிர்காலத்தில் அதே தண்ணீர்மேல் கார்தான் டாக்சி. பாலம் இல்லை, ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஃபேக்டரின்னா என்ன தயாரிக்கிறாங்க?

ஒன்றும் இல்லை. ஹட்சன்ஸ் பே கம்பெனி 1673ல் அங்கே ரோமத்தோல் வாங்கும் வணிகக் கொட்டடி போட்டது. கம்பெனியின் வணிக முகவருக்கு 'ஃபேக்டர்' என்று பெயர், அவர் இருக்கும் இடம் ஃபேக்டரி. நம்ம மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஃபேக்டரி போட்டான் என்று சரித்திரப் பாடத்தில் படித்தோமே, அதே அர்த்தம்.

ஓடுற ஆறு எப்படி உறையும்? குளம் உறையும், சரி. ஆறு?

நல்ல கேள்வி, இதை ஒரு மாமாதான் முதலில் கேட்டார், ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைக்காரர். குளத்தில் குளிர்ந்த தண்ணீர் அடுக்கடுக்காக நிற்கும், மேல் அடுக்கு உறைந்தால் அடியில் நாலு டிகிரித் தண்ணீர் இருக்கும். ஆற்றில் சுழல் எல்லாவற்றையும் கலக்கிவிடுவதால் மேலிருந்து அடிவரை மொத்தத் தண்ணீரும் பூஜ்யத்துக்கு வந்து, அதற்கும் ஒரு துளி கீழே போய்விடும். அப்போது தண்ணீருக்குள்ளேயே பொடிப்பொடியாக ஐஸ் துணுக்குகள் பிறக்கும். நவம்பரில் கரையில் நின்று பார்த்தால் ஆறு முழுக்க யாரோ ரவையைக் கொட்டிக் கிளறியது மாதிரி இருக்கும். அது கொழகொழவென்று சேர்ந்து, தட்டுத்தட்டாக மிதந்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓர் இடத்தில் நின்றுவிடும். கரையோரம் ஏற்கனவே ஒட்டியிருக்கும் ஐஸ் இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். அடியில் ஆறு பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதன்பிறகு அது கீழ்நோக்கித் தடிக்கிறது, ஆனால் வரவர மெதுவாக. ஐஸே ஒரு போர்வை என்பதால் குளிர் அதைத் தாண்டித்தான் தண்ணீரைத் தொட வேண்டும். குளிர் ஒரே மாதிரி அடித்தால் முதல் 30 செ.மீ. வளர எடுத்த காலத்தைப்போல மூன்று மடங்கு ஆகும் அடுத்த 30 செ.மீ. வளர. அதற்கு மேலே பனி விழுந்து மூடிவிட்டால் இரண்டாவது போர்வையும் ஆயிற்று. அதனால்தான் ஐஸ் ரோடு போடுகிறவர்கள் முதலில் செய்யும் வேலை பனியை வழித்துத் தள்ளுவது. அப்புறம் ஓட்டை போட்டு பம்ப் வைத்து ஆற்றுத் தண்ணீரையே மேலே மெல்லிசாகப் பாய்ச்சி உறையவிடுவார்கள், ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது. தோசைமேல் தோசை ஊற்றுவது மாதிரி. இது நேராகக் காற்றில் படுவதால் சீக்கிரம் இறுகும்.

எத்தனை இஞ்ச் இருந்தா கார் தாங்கும்?

இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வைத்துத்தான் வர்க்கமூலம் நடத்தினேன். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த லோர்ன் கோல்ட் என்பவர், மரம் வெட்டும் கம்பெனிகள் ஐஸ்மேல் வண்டி ஓட்டிய அனுபவங்களையும் விபத்துகளையும் சேர்த்து வைத்து 1971ல் வெளியிட்டது. ஐஸின் தடிமனை செ.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நாலால் பெருக்கினால் எத்தனை கிலோ தாங்கும் என்று வரும்.

இரண்டு டன் காருக்கு 22 செ.மீ. சொச்சம். பத்து டன் லாரிக்கு 50. நாற்பது டன் எரிபொருள் டேங்கருக்கு முழுசாக ஒரு மீட்டர். தடிமன் இரண்டு மடங்கானால் தாங்கும் எடை நாலு மடங்கு என்பதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "எங்க மாமா இதைச் சூத்திரம் இல்லாமலே சொல்வார் சார்" என்றான், அவன் மாமா ரோடு போடும் குழுவில் இருந்தார்.

ஆனால் இந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம். இது நல்ல நீல ஐஸுக்கு, ஓடும் வண்டிக்கு, விரிசல் இல்லாதபோது. சூத்திரப்படி ஐந்து செ.மீ.யே ஒரு மனிதனைத் தாங்கிவிடும், ஆனால் நடப்பதற்கே குறைந்தது பத்து வேண்டும் என்பார்கள், பதினைந்து என்று சொல்பவர்களும் உண்டு. ஏனென்றால் நீங்கள் அளந்த இடத்துக்கு நாலு அடி தள்ளி தடிமன் பாதியாக இருக்கலாம்.

வெள்ளையா பளிச்சுன்னு இருக்கறதுதானே கெட்டி?

நேர்மாறு. தண்ணீர் மெதுவாக இறுகியது நீலமாக, கண்ணாடி மாதிரி இருக்கும், கெட்டி அதுதான். பனி நனைந்து உறைந்தது வெள்ளையாக இருக்கும், உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. வெள்ளை ஐஸைப் பாதியாகத்தான் கணக்கில் எடுப்பார்கள், பத்து செ.மீ. வெள்ளை என்றால் ஐந்து. சாம்பல் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது, அந்தப் பக்கமே போகக்கூடாது. ஆரம்பத்தில் பனி, ஐஸ் வித்தியாசம் சொன்னேனே, அது இதற்குத்தான்.

இதையெல்லாம் யார் அளக்கறாங்க? கண்ணால பார்த்தா?

கையில் பிடிக்கும் துளைப்பான், நம்ம ஊரில் கிணற்றுக்கு முன் மண் பார்க்க இறக்குவார்களே அது மாதிரி திருகு. மோட்டார் வைத்தது. ஒரு சனிக்கிழமை கூடப் போய்ப் பார்த்தேன். திருகு இறங்கும்போது முதலில் வெள்ளைத் துருவல் வரும், பிறகு நீலம் கலந்த துருவல், ஐஸ் கோலாவுக்குச் சீவுவது மாதிரி. திடீரென்று எதிர்ப்பு விட்டுப்போய் குபுக்கென்று தண்ணீர் ஏறி வரும், பூட்ஸ்வரை. முனையில் கொக்கி உள்ள அளவுகோலை உள்ளே விட்டு, ஐஸின் அடிவிளிம்பில் மாட்டி இழுத்துப் பிடித்துப் படிப்பார்கள். அதை எழுதிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து அடுத்த ஓட்டை. கையுறையைக் கழற்றி எழுத வேண்டியிருந்ததால் நான் மூன்றாவது ஓட்டையோடு விலகிக்கொண்டேன்.

பெரிய ரோடுகளில் ரேடார் கருவியை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போய் தொடர்ச்சியாகத் தடிமனைப் படிப்பார்கள். அங்கேயும் நடுநடுவே ஓட்டை போட்டுச் சரிபார்ப்பதை விடுவதில்லை.

ஐஸ் மெல்லிசா இருந்தா வேகமா தாண்டிடறதுதானே புத்திசாலித்தனம்?

எல்லாருக்கும் தோன்றுவது இதுதான், எனக்கும் தோன்றியது. வண்டி நிற்கும் இடத்தில் ஐஸ் லேசாகக் குழிகிறது, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தது மாதிரி. வண்டி நகர்ந்தால் குழியும் கூடவே நகரும், அடியில் தண்ணீரில் ஓர் அலை கிளம்பும். வண்டியின் வேகமும் அந்த அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால் அலை பெருத்துக்கொண்டே போய் ஐஸை உடைத்துவிடும். அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது, ஆழம் குறைந்தால் அலை மெதுவாகப் போகும். மூன்று மீட்டர் ஆழம் என்றால் மணிக்கு 20 கி.மீ.யை ஒட்டி ஆபத்து வேகம் வந்துவிடும், பத்து மீட்டருக்கு சுமார் 36. அதனால் கனமான லாரி ஊர்ந்துதான் போக வேண்டும், அதிலும் கரையை நெருங்கும்போது ஆழம் குறைவதோடு அலை கரையில் மோதித் திரும்பியும் வரும். ரோடு கரையில் நேராக ஏறாமல் சாய்வாக ஏறும்படி போடுவது அதனால்தான். இரண்டு லாரி ஒட்டிக்கொண்டு போகக்கூடாது, முந்தக்கூடாது.

எஸ்தோனியாவில் ஹியுமா தீவுக்குக் கடல்மேல் சுமார் 26 கி.மீ. ஐஸ் ரோடு போடுவார்கள், குளிர் போதிய வருடங்களில் மட்டும். அங்கே விதியே வேடிக்கை: 25க்குக் கீழே போ, இல்லாவிட்டால் 40க்கு மேல் போ, நடுவில் போகாதே. ஆக வேகம் முழுத் தப்பு என்று இல்லை, எந்த வேகம் என்பதுதான் கணக்கு. மூசனியில் நான் மெதுவாகவே போனேன்.

சத்தம் வருமாமே? விரிசல் பார்த்தா என்ன செய்வே?

வரும். முதல் வாரம் ராத்திரி வீட்டுக்குள் படுத்திருந்தாலே கேட்கும், தூரத்தில் யாரோ தகரக் கூரையை இழுப்பது மாதிரி ஒரு நீண்ட முனகல், அப்புறம் 'டங்'. குளிர் கூடும்போது ஐஸ் சுருங்கும், குறையும்போது விரியும், அதற்குத்தான் அந்தச் சத்தம். கிரீ பெரியவர்கள் சத்தம் கேட்டால் கவலைப்பட மாட்டார்கள், ஐஸ் வளர்கிறது என்பார்கள்.

விரிசலில் தண்ணீர் இல்லையென்றால் மேலோட்டமானது. தண்ணீர் தெரிந்தால் அடிவரை பிளந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கே பாரத்தைப் பாதியாக்க வேண்டும், அப்படி இரண்டு விரிசல் ஒன்றையொன்று வெட்டினால் கால்வாசி. மூசனியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் பக்கம் என்பதால் ஆற்றில் ஏற்றவற்றம் வருகிறது, மொத்த ஐஸும் தண்ணீரோடு ஏறி இறங்கும், கரையோடு ஒட்டிய ஐஸோ அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கதவுக் கீல் மாதிரி ஒரு கோடு எப்போதும் பிளந்தும் மூடியும் இருக்கும். ஐஸ் ரோட்டில் ஆக மோசமான இடம் நடு ஆறு என்று நினைப்போம், எனக்கு வயிற்றைக் கலக்கியது எப்போதும் கரை ஏறும் அந்த நாலைந்து மீட்டர்தான்.

நடுவுல நிறுத்தி போட்டோ எடுத்தே இல்ல, அப்ப நின்னா ஒண்ணும் ஆகாதா?

மாட்டிக்கொண்டேன். ஒரு நிமிடம் நின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் மேலே சொன்ன சூத்திரம் ஓடும் வண்டிக்கு. நின்றுகொண்டே இருந்தால் ஐஸ் மெல்ல மெல்லத் தொய்யும், மணிக்கணக்கில் தொய்ந்தால் குழியில் தண்ணீர் தேங்கும், அப்புறம் அதன் எடையும் சேரும். பழுதான லாரியை ஐஸ்மேல் இரவெல்லாம் விட்டு வைக்க மாட்டார்கள்.

சீட் பெல்ட் போடணுமா கழட்டணுமா?

ஹியுமா ரோட்டில் கழற்றச் சொல்வது விதி. மூசனி டாக்சியில் ஓட்டுநர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருப்பார், மைனஸ் 30ல்கூட. நான் குளிருது என்று ஏற்றியபோது ஒன்றும் சொல்லாமல் திரும்ப இறக்கினார், அதோடு புரிந்துகொண்டேன்.

சரி, உள்ளே விழுந்தா?

மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் தன்னையே ஐஸ் தண்ணீரில் போட்டுக்கொண்டு ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக அடிக்கும், அதை அடக்குவது ஒன்றே வேலை. அடுத்த பத்து நிமிடம் கை கால் பேச்சைக் கேட்கும், வெளியேற அதுதான் நேரம். நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகலாம். விழுந்ததும் செத்தோம் என்று நினைத்துக் கைவிடுவதுதான் தப்பு. வந்த திசைக்கே திரும்பி (அந்த ஐஸ் இதுவரை உங்களைத் தாங்கியது), காலை உதைத்து உடம்பைப் படுக்கையாக்கி, மீன் கரையேறுவது மாதிரி வழுக்கி ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு போக வேண்டும்.

காரோடு விழுந்தால் கதவைத் திறக்கப் பார்க்காதீர்கள், தண்ணீர் அழுத்தும். கார் ஒரு நிமிடம்போல மிதக்கும், அதற்குள் பெல்ட், ஜன்னல், பிள்ளைகளை முதலில் வெளியே, பிறகு நீங்கள். ஃபோன் பேசுவதெல்லாம் வெளியே வந்த பிறகு.

இவ்வளவு பயத்துல எப்படிப்பா மூணு வருஷம் இருந்தே?

அம்மா கேட்பது. நிஜத்தில் ஐஸ் நன்றாக இறுகிய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் அங்கே வாழ்க்கை சுலபமான காலம். தீவுக்குப் பத்து நிமிடம். சமையல் எண்ணெய் தீர்ந்தால் போய் வாங்கலாம், ராத்திரி சிநேகிதர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். ஜேம்ஸ் வளைகுடா ஓரமாக வடக்கே ஃபோர்ட் ஆல்பனி, கஷெச்செவான், அட்டவாபிஸ்கட் வரை 300 கி.மீ. சொச்சம் குளிர்காலச் சாலை திறக்கும். வருடத்துக்கான டீசல், வீடு கட்டும் மரம், புது ஃப்ரிட்ஜ், எல்லாம் அந்தச் சில வாரங்களில்தான் போகும். ஹாக்கிப் போட்டிக்குப் பிள்ளைகளும் அதில்தான் போவார்கள். அங்கே போய் ஐஸ் பயமாக இல்லையா என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

அவர்கள் கவலைப்படுவது நடுவில் வரும் இரண்டு காலங்களுக்கு. படகும் போகாத, காரும் போகாத காலம்: நவம்பர், டிசம்பரில் உறையும்போது ஒரு முறை, ஏப்ரல், மே மாதங்களில் உடையும்போது ஒரு முறை. அப்போது கண்ணுக்கு எதிரே தெரியும் தீவுக்கு ஹெலிகாப்டர்தான். என்னோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியைக்கு அந்தச் சமயத்தில் பேறுகாலம் வந்தது, மூடுபனியில் ஹெலிகாப்டர் கிளம்பாமல் அவர் காத்திருந்த அந்த ஒரு மத்தியானம் போல் எந்த ஐஸும் என்னைப் பயமுறுத்தவில்லை. (நல்லபடியாகப் பிறந்தது, பெண்.)

உடையும்போது என்ன ஆகும்? மெல்ல உருகிப் போயிடாதா?

தெற்கில் முதலில் உருகும். ஆறோ வடக்குப் பார்த்து ஓடுகிறது. மேலிருந்து வெள்ளமும் ஐஸும் வரும்போது முகத்துவாரத்தில் ஐஸ் இன்னும் கெட்டியாகவே இருக்கும், அதனால் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஊருக்குள் ஏறும். வீடு பருமன் பாளங்கள் கரையில் ஏறிப் படுக்கும். ஆல்பனி ஆற்றின் ஓரமுள்ள கஷெச்செவான் மக்களை ஏறக்குறைய ஒவ்வொரு வசந்தத்திலும் விமானத்தில் ஏற்றி வேறு ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். மூஸ் ஃபேக்டரியின் பழைய மரத் தேவாலயத்தில் தரையில் ஓட்டை போட்டு அடைப்பான் வைத்திருந்தார்கள், வெள்ளம் வந்தால் பிடுங்கிவிட. தண்ணீர் உள்ளே வந்தால் வரட்டும், கோயில் மிதந்து போகாமல் இருந்தால் சரி என்று.

அதே சமயம் அது காட்டு வாத்து (கூஸ்) வேட்டைக் காலம். பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள், குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குப் போய்விடுவார்கள். அலாஸ்காவில் நெனானா என்ற ஊரில் 1917லிருந்து ஆறு எந்த நிமிடம் உடையும் என்று பந்தயமே கட்டுகிறார்கள். ஐஸ்மேல் ஒரு முக்காலியை நட்டு, கம்பியால் கரையில் உள்ள கடிகாரத்தோடு இணைத்திருப்பார்கள்.

பேசாம ஒரு பாலம் கட்டிட வேண்டியதுதானே?

கட்டலாம். வடமேற்குப் பிரதேசத்தில் மெக்கன்ஸி ஆற்றின் குறுக்கே டே சோ பாலம் 2012 நவம்பரில் திறந்தார்கள், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், சுமார் 20 கோடி கனடிய டாலர். போன பதிலில் சொன்ன பாளங்கள் முட்டி மோதும் இடத்தில் தூண் நட வேண்டும், அதுதான் செலவு. அதற்கு அந்தப் பக்கம் யெல்லோநைஃப் என்ற தலைநகரம் இருந்தது. மூஸ் ஃபேக்டரிப் பக்கம் சில ஆயிரம் பேர். ரஷ்யாவில் யாகுட்ஸ்க் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர், லேனா ஆற்றின் குறுக்கே தலைமுறைகளாக ஐஸும் படகும்தான். அங்கேயே இப்படி என்றால் மூசனிக்கு எப்போது வரும்? பணம் இல்லை என்பது காரணம் என்றால் ஒத்துக்கொள்வேன், தேவை இல்லை என்று சொன்னால் மாட்டேன்.

உலகம் சூடாயிட்டு வருதே, இது இன்னும் எத்தனை நாளைக்கு?

ஏற்கனவே ஆட்டம் கண்டுவிட்டது. யூக்கான் பிரதேசத்தின் டாசன் சிட்டியில் வழக்கமாக ஐஸ் பாலம் போடும் இடத்தில் 2016-17 குளிர்காலத்தில் ஆறு உறைந்து மூடவே இல்லை. அடுத்த குளிர்காலம் அரசே தண்ணீரைப் பீய்ச்சி உறையவைக்கப் பார்த்தது, கைகூடவில்லை. 2006ல் வடமேற்குப் பிரதேசத்தில் வைரச் சுரங்கங்களுக்குப் போகும் ஐஸ் ரோடு சீக்கிரமே மூடிப்போய் எரிபொருளை விமானத்தில் கொண்டுபோனார்கள். 2024 பிப்ரவரியில் ஒன்டாரியோவின் வடக்கில் முதற்குடி சமூகங்களின் கூட்டமைப்பான நிஷ்னவ்பே அஸ்கி நேஷன், குளிர்காலச் சாலைகள் உறையவில்லை என்று அவசர நிலை அறிவித்தது. துக்தொயக்துக் என்ற ஊர் மட்டும் தப்பித்தது, 2017 நவம்பரில் அதற்கு நிலத்தின்மேல் வருடம் முழுக்க ஓடும் சாலை கிடைத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஐஸ் குறைவதைவிட, மேலே சொன்ன அந்த இரண்டு நடுக்காலமும் நீள்வதை. பத்து நாள் ஹெலிகாப்டர் என்பது வேறு, ஒரு மாதம் ஹெலிகாப்டர் என்பது வேறு. பால் விலையிலேயே தெரிந்துவிடும்.

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு குளம் உறைஞ்சிருக்கு, பிள்ளைங்களை இறக்கலாமா?

வேண்டாம். டொரன்டோ சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் இருப்பது பெரும்பாலும் மழைநீர்க் குளம். ரோட்டு உப்பு கரைந்து வருகிறது, குழாய்வழி தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, மட்டம் ஏறி இறங்குகிறது, ஐஸுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெற்றிடம்கூட இருக்கலாம். மூசனியில் ஒருவர் சனிக்கிழமை தோறும் ஓட்டை போட்டு அளந்து, எடை எழுதி, பலகை நட்டு வைக்கிறார். உங்கள் குளத்தில் 'இறங்காதே' என்று பலகை இருக்கும், பனியை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.